மிரட்டப்படுபவர் பக்கத்து வீட்டில் இருந்தால் பழி யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எழுதுபவர்கள், வழக்குப் போடுபவர்கள், காணாமலாக்கப்பட்டோருக்காகத் தெருவில் நிற்பவர்கள் ஆகியோரைச் சுற்றியுள்ள வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைத் தந்திருக்கிறோம்.

1. மிரட்டப்படுற ஆள் எண்டு நீங்கள் ஆரைச் சொல்லுறியள்?

ஆயுதம் எடுக்காமல், பேச்சாலோ எழுத்தாலோ வழக்காலோ போராட்டத்தாலோ ஒரு அதிகாரத்துக்கு எதிராக நிற்பவரை. அந்த அதிகாரம் அரசாக இருக்கலாம், ஓர் இயக்கமாக இருக்கலாம், மதத்தின் பெயரால் கூடும் கும்பலாகவும் இருக்கலாம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் பிள்ளைகளின் படத்தோடு இருக்கும் தாய்மாரும் இதற்குள் அடங்குவர். ஆயுதத்தோடு இருப்பவர்களின் கதை வேறு. அது 11ஆம் கேள்வியில் வருகிறது.

2. அவரைச் சுட வந்தவன் எங்கட வீட்டுக்கும் குண்டெறிஞ்சிட்டுப் போனால் பழி ஆருக்கு?

எறிந்தவனுக்கும் அவனை அனுப்பியவனுக்கும். இந்த இடத்தில் நாங்கள் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுப்பதில்லை. பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ் நகரிலுள்ள தன் வீட்டில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று அவரைச் சுட்டவர்கள் வீட்டுக்குள் கைக்குண்டையும் எறிந்துவிட்டுப் போனார்கள். தகப்பன், தாய், சிறுவனான மருமகன் மூவரும் காயப்பட்டனர். அந்தப் பிள்ளையின் காயத்துக்கு மாமன் எழுதிய செய்தி காரணம் என்று சொன்னால், குண்டின் கிளிப்பைக் கழற்றிய கையை நாங்களே மறைத்தவர்களாவோம்.

பழியும் பொறுப்பும் இரண்டு. பழி என்பது செய்த பிழைக்கு. பொறுப்பு என்பது பிழையே செய்யாதவருக்கும் வரலாம். மிரட்டப்படுபவருக்குப் பழி இல்லை, ஆனால் அயலட்டை மீது அவருக்குச் சில பொறுப்புகள் உண்டு (6ஆம் கேள்வி). அரசுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு உண்டு. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தப் பிரிப்பில்தான் நிற்கின்றன.

3. அவர் எழுதாமல் விட்டிருந்தால் ஒண்டும் நடந்திராதே?

நடந்திராது, உண்மை. ஆனால் ஒன்று நடப்பதற்கு முன்னால் இருந்த எல்லாமே அதற்கான பழியைச் சுமப்பதில்லை. அடி தாங்காத ஒரு பெண் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். புருஷன் குடித்துவிட்டு வந்து படலைக்கு வெளியே நின்று கல்லெறிகிறான், ஒரு கல் பக்கத்து வீட்டு ஓட்டை உடைக்கிறது. அவள் வராவிட்டால் ஓடு உடைந்திராது. அதற்காக அவள் அங்கேயே கிடந்திருக்க வேண்டும் என்று நம் ஒழுங்கையில் நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர் யார்?

சட்டமும் இதை நெடுங்காலத்துக்கு முன்பே சந்தித்தது. இங்கிலாந்தில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பினர் ஊர்வலம் போனபோதெல்லாம் எதிர்க்கும்பல் ஒன்று வந்து கலகம் செய்தது. கலகம் வரும் என்று தெரிந்தும் ஊர்வலம் போனார்கள் என்று பிடிபட்டவர்கள் ஊர்வலம் போனவர்களே. பீற்றி எதிர் கில்பாங்ஸ் என்ற அந்த வழக்கில், 1882இல், சட்டப்படியான செயலைச் செய்பவரை, மற்றவர் சட்டத்தை மீறக்கூடும் என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பானது. மறுபக்கமாகத் தீர்த்திருந்தால், யாரையும் வாய் மூட வைக்க ஒரு கும்பலைத் திரட்டினாலே போதும் என்றாகியிருக்கும்.

4. அப்ப எங்கட பயம் பிழையோ?

இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து வருவது கற்பனையல்ல. 'சாத்தானின் வசனங்கள்' நாவலை எழுதிய சல்மான் ருஷ்டிக்கு 1989 பெப்ரவரி 14இல் ஈரானின் மதத் தலைவர் கொமெய்னி மரண ஆணை பிறப்பித்தார். ருஷ்டி பொலிஸ் பாதுகாப்பில் உயிரோடிருந்தார். அவருடைய நூலை ஜப்பானிய மொழிக்குப் பெயர்த்த ஹிட்டோஷி இகராஷி 1991 ஜூலையில் தான் படிப்பித்த பல்கலைக்கழகத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். நோர்வேயில் அதை வெளியிட்ட வில்லியம் நிகார்ட் 1993 ஒக்டோபரில் ஒஸ்லோவில் சுடப்பட்டு, தப்பினார். காவல் ஒருவரைச் சுற்றி இறுகும்போது, கொலைகாரர் காவல் இல்லாதவரைத் தேடிப் போகிறார்கள்.

துருக்கியில் சிவாஸ் நகரில் 1993 ஜூலை 2இல், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் திரண்ட கும்பல் ஒரு விடுதியைக் கொளுத்தியது. அதே நூலின் பகுதிகளைத் துருக்கியில் வெளியிட்ட எழுத்தாளர் அசிஸ் நெசின் ஒரு கலாசார விழாவுக்கு வந்து அங்கே தங்கியிருந்தார். அவர் ஏணியால் இறங்கித் தப்பினார். விழாவுக்கு வந்த 33 பேரும் விடுதி ஊழியர் இருவரும் இறந்தனர். நெசின்தான் கும்பலைத் தூண்டினார் என்று அரசியல்வாதிகள் சிலர் உடனேயே சொன்னார்கள். கொளுத்தியவர்களுக்கு அதைவிட வசதியான பேச்சு வேறில்லை.

இன்னொன்று, சம்பந்தமே இல்லாதவருக்கு நடந்தது. 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்கிரிபாலைக் கொல்ல, வீட்டுக் கதவின் கைப்பிடியில் நரம்பு நச்சு பூசப்பட்டது. அவர் பிழைத்தார். நச்சைக் கொண்டுவந்த வாசனைத் திரவியப் போத்தல் மாதங்களுக்குப் பின் வேறொருவர் கையில் கிடைத்தது. அதைத் தன் கையில் விசிறிக்கொண்ட டோன் ஸ்டர்ஜஸ் என்ற பெண் ஜூலை 8இல் இறந்தார். ஆகவே பயப்படுங்கள், அதை வாய்விட்டும் சொல்லுங்கள். கேட்க வேண்டியது, அந்தப் பயத்தை யாரிடம் கொண்டுபோவது என்பதே.

5. வெளிநாட்டில அயலவை வழக்குப் போட்டு வெண்டவை எண்டு கேள்விப்பட்டம். உண்மையோ?

உண்மை. நெதர்லாந்தில் 2004 நவம்பர் 2இல் திரைப்பட இயக்குநர் தியோ வான் கோ அம்ஸ்ரடாம் தெருவில் கொல்லப்பட்டார். அவர் உடலில் கத்தியால் குத்தி வைக்கப்பட்ட கடிதம் நாடாளுமன்ற உறுப்பினர் அயான் ஹிர்சி அலிக்கு விடுத்த மிரட்டல். அரசு அவரை ஹேக் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியமர்த்தியது. அயலவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை தரும் வீடு, குடும்ப வாழ்வுக்கான உரிமை அயலவருக்கு மீறப்பட்டது என்று சொல்லி, நான்கு மாதத்துக்குள் அவர் வெளியேற வேண்டும் என்றது.

இந்தத் தீர்ப்பை எங்களிடம் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வழக்கு அரசுக்கு எதிரானது. அயலவரைக் கேட்காமலே அவரை அங்கே குடிவைத்ததும், பிறகு அவர்களின் பயத்தைத் தீர்க்கப் போதியளவு செய்யாததும் அரசின் பிழை என்பதே அதன் அடிப்படை. ஹிர்சி அலி பிழை செய்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனாலும் பெட்டியைக் கட்டியது அவர்தான், அரசல்ல. எங்கள் கணிப்பில் அந்தப் பரிகாரம் பிழையானது. வாசலில் காவல், கட்டட நுழைவில் சோதனை, வெளியேற விரும்பும் அயலவருக்கு அரச செலவில் மாற்று வீடு என்று அரசைச் செய்ய வைத்திருக்கலாம். மிரட்டியவன் கேட்டதை ஒரு நீதிமன்றம் பாதியளவு நிறைவேற்றிக் கொடுத்தது.

6. அப்ப அவருக்கு எங்களில ஒரு கடமையும் இல்லையோ?

உண்டு, அதை நாங்கள் மழுப்பப் போவதில்லை. மிரட்டப்படுபவர் தன் உயிரை வைத்து முடிவெடுக்கலாம். உங்கள் உயிரை வைத்து எடுக்கும்போது உங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

வீட்டைக் குறித்து மிரட்டல் வந்தால் அன்றைக்கே இரு பக்கத்து வீடு, எதிர்வீடு, பின்வளவு, ஒழுங்கை முடக்கில் இருக்கும் வீடு ஆகியவற்றுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். சொல்ல வேண்டியவை: மிரட்டல் வந்தது, எந்த வடிவில் வந்தது, முறைப்பாட்டு இலக்கம், எதைக் கவனிக்க வேண்டும் (இலக்கத் தகடில்லாத மோட்டார் சைக்கிள், வீடு விசாரிக்கும் அந்நியர்). சொல்லக்கூடாதவை: தகவல் தந்தவர் பெயர், அடுத்து எழுதப்போவது, ஆவணம் இருக்கும் இடம். தெரியாத ஒன்றை அயலவரிடமிருந்து எவராலும் பிடுங்க முடியாது. இங்கே நம்பிக்கைக் குறைவு எதுவும் இல்லை, அது அவர்களுக்கான பாதுகாப்பு.

வீட்டில் மாற்ற வேண்டியவையும் உண்டு. எழுதும் மேசையை ஒழுங்கைப் பக்க ஜன்னலிலிருந்தும் அயல்வீட்டோடு ஒட்டிய சுவரிலிருந்தும் தள்ளி உள்ளறைக்கு எடுக்க வேண்டும். விறாந்தையில் பிள்ளைகளுக்கு ரியூசன் நடந்தால் மிரட்டல் தணியும் வரை வேறிடம் பார்க்க வேண்டும். அடர்ந்த வேலி கண்ணுக்கு அழகு, ஆனால் ஒளிந்து நிற்பவனுக்கும் வசதி. படலையிலிருந்து இரண்டு பக்கமும் சில அடிக்கு இடுப்பளவாக வெட்டி, படலையில் ஒரு மின்குமிழ் போட வேண்டும். கமரா பூட்டினால் அது அயலவரின் வாசலைப் பார்க்காதபடி திருப்பி, படத்தை அவர்களுக்கும் காட்ட வேண்டும். பத்திரிகையாளர் சந்திப்பு வீட்டில் வேண்டாம், பொது மண்டபம் இருக்கிறது. பொதி வந்தால் "பக்கத்து வீட்டில் குடுங்கோ" என்று சொல்லவே கூடாது. மடிக்கணினியையோ கோப்பையோ அயல்வீட்டு அலுமாரியில் ஒளிப்பதும் கூடாது.

பலர் மறந்துபோவது பங்குக் கிணறு. விடியற்புறம் நாலு வீட்டார் வாளியோடு இந்த வளவுக்குள்ளால் வந்து போவார்கள். அந்த அரையிருட்டில் வாசலில் அசையும் உருவம் வீட்டுக்காரரா, தண்ணீர் அள்ள வந்தவரா என்று வெளியே காத்திருப்பவனுக்குத் தெரியாது. வெளிச்சம் வந்தபின் வரும்படி நேரம் பேசிக்கொள்ள வேண்டும். கிணற்றுக்குத் தனிப்பாதை விட முடிந்தால் அதுவே நல்லது.

இவற்றைச் செய்யத் தவறியவர் அந்தத் தவறுக்கு மட்டுமே பொறுப்பு. குண்டின் பழி அப்போதும் எறிந்தவனுக்கே.

7. பொலிசுக்குப் போனால் என்ன சொல்ல வேணும்? போய்ப் பிரயோசனம் இருக்கோ?

பிரயோசனம் பிறகு தெரியும். முதலில் வேண்டியது எழுத்தில் ஒரு பதிவு. மிரட்டல் தண்டனைச் சட்டக் கோவையின் 486ஆம் பிரிவின்படி குற்றம். கொலை மிரட்டல் என்றால் தண்டனை 7 ஆண்டு வரை போகலாம்.

"யாரோ மிரட்டினார்கள்" என்று எழுதிய முறைப்பாடு எங்கும் போகாது. திகதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே (தூசணம் என்றால் தூசணமாகவே), வந்த இலக்கம், வாகனத்தின் நிறம், தலைக்கவசம், போன திசை ஆகியவற்றை மறக்கும் முன் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போக வேண்டும். குறுஞ்செய்தியை அழிக்கக்கூடாது. இலக்கமும் நேரமும் தெரியப் படம் எடுத்து, இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்து வைக்க வேண்டும். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து. பதிந்த புத்தகம், பக்கம், பந்தி இலக்கங்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். பதிய மறுத்தால் அதே விபரத்தைக் கடிதமாக எழுதி உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அயலவர் தனியாக முறைப்பாடு கொடுப்பது மிகவும் பெறுமதியானது, கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. தன் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். "அவர் சொன்னவர்" என்று தொடங்கினால் பெறுமதி போய்விடும். சாட்சியை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். அதன் அதிகாரசபையிடம் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

ஆபத்து உண்மையானது, உடனடியானது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், அவர்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அரசு பதில் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998இல் ஒஸ்மான் வழக்கில் வகுத்தது. அது நம்மைக் கட்டாது. ஆனாலும் இங்கும் வழக்குரைஞர் முதலில் கேட்பது, அரசுக்குத் தெரியும் என்பதைக் காட்டும் அந்த முறைப்பாட்டுத் துண்டைத்தான்.

8. மிரட்டுறதே அரசாங்க ஆக்கள் எண்டால்? இல்லாட்டி பொலிசும் பயப்படுற ஆக்கள் எண்டால்?

யாழ்ப்பாணத்துக்கு இதுதான் கனமான கேள்வி. அரச பக்கம் என்றால் நாள் எண்ணுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசர இலக்கம் 1996. பலர் நாலாம், ஐந்தாம் வாரத்தில் வருகிறார்கள். மனதைத் தேற்றிக்கொண்டு வருவதற்கு நாள் எடுக்கும், எங்களுக்குத் தெரியும். சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

ஆயுதக் குழு என்றால் எந்தப் பத்திரமும் அன்றைக்கு உயிர் காக்காது. யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் என்று எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் எழுதியவர். சுட்டது விடுதலைப் புலிகளே என்பது அவருடைய சகாக்களின் முடிவு. அவரோடு வேலை செய்தவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அப்படிப் போவது கோழைத்தனம் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. போகாதது திமிர் என்றும் சொல்லக்கூடாது.

9. வாடகைக்கு இருக்கிற ஆளை வீட்டுக்காரர் எழும்பச் சொல்லலாமோ?

கேட்கலாம், பலவந்தமாக எழுப்ப முடியாது. பூட்டை மாற்றுவது, தண்ணீர், கரண்டை வெட்டுவது, சாமானை முற்றத்தில் எறிவது எல்லாம் சட்டவிரோதம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்கு வந்தால், இருப்பைத் திரும்பப் பெறலாம். வெளியேற்றப்பட்டதற்கும் வழக்குக்கும் இடையே இரண்டு மாதத்துக்கு மேல் போயிருக்கக்கூடாது. இலங்கையில் விரும்பிய இடத்தில் வாழும் உரிமை 14ஆம் உறுப்புரையில் பிரசைக்குத் தரப்பட்டிருக்கிறது, மிரட்டப்பட்டவருக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக்காரர் வயோதிபராய், மேல்மாடியில் தனியே இருப்பவராய் இருந்தால் நாங்கள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கட்டிய முற்பணத்தைக் கொடுத்து, வேறு வீடு தேட மூன்று மாதம் தந்து, நல்ல முறையில் பிரியச் சொல்கிறோம்.

10. எங்கட வீட்டுக்கு நட்டம் வந்தால் ஆரிட்டைக் கேக்கிறது?

செய்தவரிடம். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுக் காலவரை உண்டு. செய்தவர் பிடிபடாவிட்டால் அந்த வழி காகிதத்தில்தான். வீட்டுக் காப்புறுதி இருந்தால், கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகப் பாதுகாப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், பெரும்பாலும் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மிரட்டப்பட்டவரை வழக்குக்கு இழுக்க முடியுமா என்றால், அவருடைய கவனயீனத்தால்தான் நட்டம் வந்தது என்று நிறுவ வேண்டும். இடையில் இன்னொருவனின் வேண்டுமென்றே செய்த குற்றம் நிற்கும்போது அது மிகவும் கடினம்.

11. இயக்கப் பெடியளும் எங்கட வளவுக்குள்ள இருந்துதானே சுட்டவை. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். வேலிக்கு மறைவில் நின்று ரோந்து போகிறவர்கள் மீது சுட்டுவிட்டு ஓடியவர், பதிலடி அந்த வீட்டில் இருப்பவர் தலையில் விழும் என்று தெரிந்தே அந்த வளவைத் தேர்ந்தெடுத்தார். அந்த வீட்டாரின் இருப்பு அவருக்கு மறைப்பாகப் பயன்பட்டது. பொதுமக்களை மறைப்பாகப் பாவிப்பதை வழமைச் சர்வதேசச் சட்டம் எல்லாத் தரப்புக்கும் தடை செய்கிறது. அவருக்குப் பழியில் பங்குண்டு. அதனால் சுற்றிவளைத்து அப்பாவிகளைச் சுட்டவர்களின் பழி ஒரு துளியும் குறைவதில்லை.

எழுதுபவர் தன் வீட்டில் இருக்கிறார், எங்கேயாவது இருந்தாக வேண்டும். உங்கள் வீடு அவருக்கு மறைப்பல்ல. அயல்வீட்டில் கோப்பை ஒளிப்பதை 6இல் ஏன் அவ்வளவு கண்டித்தோம் என்றால், அந்த நேரத்தில்தான் அவர் அந்தக் கோட்டுக்குக் கிட்டப் போகிறார்.

12. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தால் எங்களிலயும் பழியோ?

இல்லை. வீரம் யாரிடமும் கடன் கேட்டு வாங்கக்கூடியதல்ல. 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்களே, அந்த நேரம் அயலில் கதவைப் பூட்டியவரை யார் குறை சொல்வது?

ஆனால் "அவர் எத்தனை மணிக்கு வாறவர், எந்த அறையில படுக்கிறவர்" என்று கேட்டு வருபவனுக்குப் பதில் சொல்வது வேறு. பயத்தில் சொல்லிவிட்டால் அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் அன்றிரவு வேறிடத்தில் படுக்கலாம். வாய் தவறியதைவிட அதை மறைத்ததால் போன உயிர்கள்தான் நெஞ்சை அறுப்பவை.

13. வெளிநாட்டில பாதுகாப்பா இருந்து எழுதுகினம், இஞ்ச தாயைத் தேடி ஆக்கள் வருகினம். அப்பவும் பழி இல்லையோ?

வந்தவர்களுக்கே பழி, 2இல் சொன்னதுதான். வெளிநாடு எல்லோருக்கும் பாதுகாப்பும் அல்ல. 1994 மே 1இல் பதிப்பாளர் சபாரத்தினம் சபாலிங்கம் பாரிஸில் தன் வீட்டில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் 6இல் சொன்ன பொறுப்பு இங்கே இரட்டிப்பாகிறது. அயலில் இருந்து எழுதுபவர் ஆபத்தைத் தானும் பங்குபோடுகிறார். தூரத்தில் இருப்பவர் பெரும்பாலும் அதை மற்றவர் தலையில் வைக்கிறார். ஆகவே கேட்டே ஆகவேண்டும், அதுவும் வெளியிடும் முன்னால்: "அம்மா, நான் இதை எழுதப் போறன். ஆராவது வந்தால் தாங்குவியளோ?" அவர் மாட்டேன் என்றால், ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், வீட்டுப் படம் இல்லாமல் புனைபெயரில் எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும்.

வந்தவர்களுக்குச் சொல்ல அம்மாவுக்கு ஒரே வசனம் போதும்: "அவர் என்னோட இதுகளைக் கதைக்கிறேல்லை." அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆகவே எழுதுவது பற்றித் தொலைபேசியில் அவரோடு கதைக்க வேண்டாம். அவர்கள் போனதும் வந்தவர்களின் பெயர், அடையாள அட்டை காட்டினார்களா, வாகன இலக்கம் என்ன என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்து, 7இலும் 8இலும் சொன்னபடி நடக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும்.